கோழிச் சாறு யாருக்கு?

(போர்ட் கிள்ளானில் நடந்த தோட்டக் கிளைகளின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயருக்கு எதிரே ‘கோழிச் சாறு’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாசலில் இரண்டு மூன்று தோழர்கள் சிரித்தார்கள். சங்கக் கூட்டமென்றால் சம்பளத்தைப் பேசுவார்கள், போனஸைப் பேசுவார்கள், மழை நாள் கூலியைப் பேசுவார்கள். செக்ரோல் எழுதுகிற கைக்கு அகப்பையில் என்ன வேலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசியில் சொல்வதைவிட முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டில் தலைப்பிரசவம் நடந்தபோது நாங்கள் ஒரு கோழிச் சாறு வைத்தோம். அதில் இரண்டு தப்புகள் செய்தோம். ஒன்று உப்பில். மற்றொன்று உப்பைவிடப் பெரியது. அந்த இரண்டு தப்பும் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் வீட்டில் நடக்கிறது என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது. ஆகவேதான் பேச வந்தோம்.

நடந்ததைச் சொல்கிறோம். பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள். எங்கள் தாயார் ஊரில் இல்லை. மாமியார் வந்து சேர இன்னும் இரண்டு நாள் இருந்தது. நாங்களே போர்ட் கிள்ளான் பாசாருக்குப் போய் ஒரு கம்பத்துக் கோழி வாங்கி வந்தோம். பெரிய கோழி, முட்டையிட்டு ஓய்ந்த பெட்டை. வெட்டிக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இரண்டு கரண்டி உப்பும் கடையில் விற்கிற சூப்புக் கட்டி இரண்டும் போட்டு, அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டோம். சீக்கிரம் வேகட்டும் என்று நினைப்பு. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பானை நிறைய இருந்த தண்ணீர் பாதியாகிவிட்டது. நிறம் கலங்கி, சுண்ணாம்பு கரைத்தது போல் இருந்தது. சாற்றை வடித்து ஒரு மங்கில் ஊற்றி அந்த அம்மாளுக்குக் கொடுத்தோம். சதையை மிளகாய் போட்டுப் பிரட்டி நாங்களும் பார்க்க வந்திருந்த இரண்டு நண்பர்களும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் மங்கு அப்படியே இருக்கிறது. இரண்டு கரண்டி குடித்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், “வாய் கசக்குது, அப்புறம் குடிக்கிறேன்” என்றாள். உப்பு என்று சொல்லவில்லை. புருஷன் முதல் முதலாக அடுப்பங்கரையில் நின்று வைத்ததைக் குறை சொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது.

அந்த நேரத்தில் அடுத்த வரிசை லயத்துப் பெரியம்மா பிள்ளையைப் பார்க்க வந்தார். 30 வருஷம் பால்மரம் வெட்டியவர். மங்கை எடுத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. “சதை எங்க தம்பி?” என்று கேட்டார்.

“நாங்க சாப்பிட்டுட்டோம் பெரியம்மா. சத்தெல்லாம்தான் சாத்துல இறங்கிடுச்சே.”

“பிள்ளை பெத்தது யாரு? நீங்களா?”

சகோதரர்களே, நிர்வாகத்தின் முன்னால் எத்தனையோ பேச்சு வார்த்தைகளுக்குப் போயிருக்கிறோம். இப்படி வாயடைத்து உட்கார்ந்தது கிடையாது.

இந்த ‘சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிடும், சதை வெறும் சக்கை’ என்ற பேச்சு நம் தோட்டங்களில் மட்டும் உள்ளதல்ல. உலகம் முழுவதும் இருந்திருக்கிறது. அதனால் ஏழைகள் பட்ட பாடும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டில் டார்சே என்ற இரசாயன அறிஞர் எலும்புகளை நீராவியில் வேகவைத்து அதிலுள்ள பசையை எடுக்கும் முறையைப் பரப்பினார். ஜெலட்டின் என்கிறோமே, அதுதான் அந்தப் பசை. அந்தப் பசைச் சாற்றைப் பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஊற்றினார்கள். இறைச்சிக்குப் பதில் இதுவே போதும், செலவும் குறைவு என்று பெரிய மனிதர்கள் மகிழ்ந்தார்கள். குடித்தவர்கள் மகிழவில்லை. வாதம் வளர்ந்து, மஜான்டி என்ற மருத்துவ அறிஞரின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 1841இல் அந்தக் குழு முடிவு சொன்னது: எலும்புப் பசையை மட்டும் தின்ற நாய்கள் மெலிந்து செத்தன, அது இறைச்சிக்கு ஈடாகாது.

பிறகு ஜெர்மனியில் லீபிக் என்ற புகழ்பெற்ற அறிஞர் மாட்டிறைச்சியைக் காய்ச்சிக் குழம்பாக்கும் வழியைச் சொன்னார். 1865இல் அவர் பெயரால் ஒரு கம்பெனியே கிளம்பி, தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டில் மாடுகளை வெட்டிக் காய்ச்சி ஜாடியில் அடைத்து ஐரோப்பாவெங்கும் விற்றது. நோயாளிக்கு இதுவே ஆகாரம் என்று விளம்பரம். பிற அறிஞர்கள் ஆராய்ந்து, இதில் ருசி உண்டு, உடம்பை வளர்க்கும் பொருள் மிகக் குறைவு என்று எடுத்துக்காட்டினார்கள். 1908இல் ஸ்விட்சர்லாந்துக்காரர் ஜூலியஸ் மாகியின் கம்பெனி சூப்புக் கட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே 1908இல் ஜப்பானில் இக்கேடா என்ற பேராசிரியர் கடற்பாசிச் சாற்றிலிருந்து ருசி உப்பைப் பிரித்தெடுத்தார், அதுதான் அஜினோமோட்டோ. இந்த இரண்டும் சேர்ந்துதான் இன்றைக்கு நம் அடுப்பங்கரை மாடத்தில் கட்டியாகவும் தூளாகவும் உட்கார்ந்திருக்கின்றன.

கணக்கு சொல்வது கிராணி வேலை, ஆகையால் கணக்கைக் கேளுங்கள். வெந்த கோழிச் சதை 100 கிராம் எடுத்தால் அதில் 25 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கும். தெளிந்த சாறு ஒரு கோப்பையில் இருப்பது சில கிராம்தான். தண்ணீரில் இறங்குவது உப்புகளும் ருசியும் பசையும் கொஞ்சம் கொழுப்பும். உடம்பைக் கட்டுகிற பொருளில் பெரும்பகுதி சதையிலேயே தங்கிவிடுகிறது. அப்படியானால் எங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்த பங்கீடு என்ன? இரத்தம் இழந்து படுத்திருந்தவளுக்குத் தண்ணீர்; கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்குச் சத்து. வேண்டுமென்று செய்யவில்லை. அறியாமல் செய்தோம். அறியாமல் செய்தாலும் பட்டினி கிடந்தவள் அவள்தான்.

அதற்காகச் சாறு வீண் என்று சொல்ல வரவில்லை. வாய் கசந்து கிடக்கிற நோயாளிக்குச் சோறு இறங்காது, சாறு இறங்கும். பசியைக் கிளப்பிவிடும். பால் கொடுக்கிற தாய்க்குத் தண்ணீர் நிறைய வேண்டும். சூடான சாறு அந்தத் தண்ணீரை ருசியோடு உள்ளே அனுப்பும். சளிக்காரனுக்கும் அது ஆறுதல். அமெரிக்காவில் 1978இல் மயாமி நகரத்து மருத்துவர்கள் சோதித்ததில், சூடான கோழிச் சாறு குடித்தவர்களுக்கு மூக்குச் சளி விரைவாக நகர்ந்தது தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் நெப்ராஸ்காவில் ரெனார்ட் என்ற மருத்துவர் தம் மனைவி வீட்டுப் பாட்டிமுறைச் சாற்றையே ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், சளியின் போது வீக்கத்தை உண்டாக்குகிற வெள்ளணுக்களின் ஓட்டத்தை அது மட்டுப்படுத்துகிறதென்று கண்டார். அது கண்ணாடிப் பாத்திரத்தில் செய்த சோதனை, மனித உடம்பில் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் அமெரிக்க டாக்டர் பாட்டியின் பானையைத் தேடிப் போனார் என்பதில் எங்களுக்கு ஒரு திருப்தி.

நிற்க. இந்த ஊரில் நின்றுகொண்டு நோயையும் சாற்றையும் பேசும்போது பழையது ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. 1972 வரையில் இந்த ஊரின் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். 1901இல் துறைமுகம் திறந்த சில மாதங்களுக்குள் மலேரியாச் சுரம் புகுந்து வேலையாட்களைக் கூட்டம் கூட்டமாகப் படுக்க வைத்தது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற நிலை. கிள்ளானில் இருந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டிக் கொசுவை ஒடுக்கிய பிறகுதான் ஊர் பிழைத்தது. அந்தக் கால்வாய்களை வெட்டியது மண்வெட்டி பிடித்த கூலிகள். கப்பலில் வந்து இந்தக் கரையோரம் இறங்கி, சுரம் கண்டு, கொயினா மாத்திரையின் கசப்பும் கஞ்சித் தண்ணீருமாகக் கிடந்த நம் முன்னோர் எத்தனை பேரோ. அவர்கள் கொண்டுவந்த மூட்டையில் மிளகும் சீரகமும் இருந்திருக்கும். கோழி இருந்திருக்காது.

மிளகு என்றதும் ஒரு வேடிக்கை. துரைமார் பங்களாக்களில் விருந்தென்றால் ‘முல்லிகட்டானி’ சூப்பு என்று ஒன்று பரிமாறுவார்கள். பெயரைக் கேட்டு ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அது நம்முடைய மிளகுத் தண்ணிதான். சென்னைப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் மிளகு ரசத்தில் கோழியும் இறைச்சியும் போட்டுத் தங்கள் நாட்டு சூப்பாக ஆக்கிக்கொண்டார்கள். பெயரை மட்டும் சரியாக உச்சரிக்க வரவில்லை. ஆகவே கோழிச் சாறு வைக்க நாம் யாரிடமும் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை.

ஆனாலும் அண்டை வீட்டிலிருந்து கற்றுக்கொள்ளலாம். போர்ட் கிள்ளானில் ஒரே தெருவில் மூன்று அடுப்பு எரிகிறது. மலாய்க்கார வீட்டில் பட்டை, கிராம்பு, ஏலம், நட்சத்திரப் பூ எல்லாவற்றையும் சின்னத் துணி முடிச்சாகக் கட்டிப் பானைக்குள் போடுகிறார்கள். வேலை முடிந்ததும் முடிச்சை எடுத்தால் போதும், குடிக்கிறவர் வாயில் பட்டைத்துண்டு அகப்படாது. இறக்கியதும் சூப்பு இலையும் பொரித்த வெங்காயமும் தூவுகிறார்கள். சீன வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியை நிறைய நறுக்கி எள்ளெண்ணெயில் வதக்கி, கோழியைப் போட்டு, அரிசி மது ஊற்றி வேகவைக்கிறார்கள். கவனித்தீர்களா, அவர்களும் எள்ளெண்ணெய், நாமும் நல்லெண்ணெய், இரண்டும் எள்தான். வறுத்த எள்ளில் ஆட்டுவதால் அவர்களுடையது வாசம் கூடுதல். (கிள்ளான் என்றாலே பாக் குட் தே என்று வெளியூர்க்காரர்கள் ஓடி வருகிறார்கள். 2024இல் அதைத் தேசிய மரபு உணவாகவும் அறிவித்தார்கள். துறைமுகக் கூலிகள் உடம்பு வலுவுக்குக் குடித்தது என்பது ஊர்ப்பேச்சு. அது பன்றி எலும்பு. இன்றைய பேச்சுக்குள் வராது. ஆனால் உழைக்கிறவன் எலும்புச் சாற்றைத் தேடுவது ஒரு சாதியாரின் பழக்கம் அல்ல என்பதற்குச் சாட்சி.)

இனி எங்கள் பெரியம்மா கற்றுக்கொடுத்த முறை. அன்றைக்கே மறுபடி ஒரு கோழி வாங்கி வரச் சொல்லி, பக்கத்தில் நிற்க வைத்து, அடுப்பைத் தொடவிடாமல் கற்றுக்கொடுத்தார்.

ஒன்றேகால் கிலோ எடையுள்ள கம்பத்துக் கோழி என்றால் தண்ணீர் இரண்டரை லிட்டர். வெட்டிய துண்டுகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அழுக்கு உள்ளேயே இறுகிச் சாற்றோடு கலந்துவிடும். பச்சைத் தண்ணீர் மெதுவாகச் சூடேறும்போது இரத்தமும் கசடும் நுரையாக மேலே வரும். அந்த நுரையைக் கரண்டியால் எடுத்து எடுத்துப் போட வேண்டும். இது பொறுமையான வேலை. காண்டா வாளியில் பால் வடிக்கும்போது மேலே மிதக்கிற தூசியையும் இலையையும் எடுக்கிறோமே, அந்தக் கைப்பக்குவம் போதும். நுரை அடங்கிய பிறகுதான் மஞ்சள் தூள் அரைக் கரண்டி, நசுக்கிய பூண்டு எட்டுப் பல், கட்டை விரலளவு இஞ்சி, சின்ன வெங்காயம் பத்து. மஞ்சளை முதலிலேயே போட்டால் நுரை எது, மஞ்சள் எது என்று தெரியாது.

அடுத்தது தீ. நாங்கள் முழு வேகத்தில் எரிய விட்டோம் என்றோமல்லவா, அதனால்தான் சாறு கலங்கியது. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும், பிறகு பிரியாது. பானையில் அங்கொன்று இங்கொன்றாகக் குமிழி வந்தால் போதும். ரப்பர் விறகு அடுப்பாக இருந்தால் கொள்ளியை வெளியே இழுத்துத் தணலில் வைக்கலாம். கேஸ் அடுப்பென்றால் மிகச் சிறிய தீ. பானை மூடியைச் சற்றுச் சாய்த்து மூட வேண்டும். வளர்ந்த பெட்டைக்கு இரண்டரை மணி நேரம். கடையில் வாங்குகிற வெள்ளைக் கோழிக்கு முக்கால் மணி நேரம் போதும்; அது ஆறு வாரத்துப் பிள்ளை, அதற்குமேல் வைத்தால் நாராகிவிடும். ஆனால் வெள்ளைக் கோழிச் சாறு தண்ணீராக இருக்கும். அதற்கு ஒரு உபாயம்: கோழிக் கால் ஐந்தாறு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். நகத்தை வெட்டி, சுடுநீரில் நனைத்துத் தோலை உரித்துப் போட்டால் சாறு உதட்டில் ஒட்டும். விலையும் குறைவு.

மசாலைக்கு: மிளகு இரண்டு கரண்டி, சீரகம் ஒரு கரண்டி, மல்லி இரண்டு கரண்டி. கரண்டி என்றால் தேநீர்க் கரண்டி, சோற்றுக் கரண்டி அல்ல. ஒரு தோழர் போன மாதம் அப்படிப் போட்டுவிட்டுக் கண்ணீரோடு வந்தார். மூன்றையும் வெறும் சட்டியில் வாசம் வருமட்டும் வறுத்து, கொரகொரப்பாக இடித்துக்கொள்ள வேண்டும். எப்போது போடுவது என்பதுதான் விஷயம். மல்லியையும் சீரகத்தையும் பாதி வேக்காட்டில் போடலாம். மிளகை இறக்குவதற்குப் பத்து நிமிஷத்துக்கு முன்தான் போட வேண்டும். மிளகின் காரம் எவ்வளவு கொதித்தாலும் போகாது. அதன் வாசம் போய்விடும். வாசம் போன மிளகு தொண்டையை எரிக்கும், மூக்கைத் திறக்காது. கடைசியாக ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கறிவேப்பிலையும் இரண்டு பல் பூண்டும் தாளித்துக் கொட்டலாம். மேலே மிதக்கிற எண்ணெயை முழுவதும் எடுத்துவிட வேண்டாம். மிளகின் காரமும் வாசமும் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். எண்ணெய் ஆகாத நோயாளிக்கு மட்டும் சாற்றை ஆறவைத்து, மேலே படிகிற கொழுப்பை எடுத்துவிட்டுச் சுடவைத்துக் கொடுங்கள்.

இப்போது உப்பு. பெரியம்மா சொன்னது இதுதான்: “தண்ணி போவும், உப்பு போவாது.” பானையில் இரண்டரை லிட்டராக ஏறுகிற தண்ணீர் இரண்டரை மணி நேரத்தில் ஒன்றரை லிட்டராக இறங்கும். தொடக்கத்தில் ருசி பார்த்து அளவாகப் போட்ட உப்பு முடிவில் அளவு மீறிவிடும். நாங்கள் செய்த முதல் தப்பு அதுதான். அதன்மேல் சூப்புக் கட்டி வேறு. ஒரு கட்டியில் பாதிக்குப் பக்கமாக உப்புதான் இருக்கிறது. கட்டியும் போட்டு உப்பும் போடுவது செக்ரோலில் ஒரு ஆளுக்கு இரண்டு தடவை பேர் போடுவதைப் போல. ஆகவே உப்பு கடைசி. அடுப்பை அணைத்த பிறகு, ஒன்றரை லிட்டர் சாற்றுக்கு ஒன்றரைக் கரண்டி தாராளம். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. சுடுகிறபோது உப்பு தெரியாது, ஆறினால் தூக்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, குடிக்கிற சூட்டுக்கு ஆற்றிப் பார்க்க வேண்டும். குறைகிறதே என்று தோன்றினால் உடனே உப்பைத் தேடாமல் எலுமிச்சை நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். பாதித் தடவை குறைந்தது உப்பு அல்ல, புளிப்பு.

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்று சொல்கிறார்களே என்று எங்கள் கிளைத் தோழர் ஒருவர் கேட்டார். நாங்களும் போட்டுப் பார்த்தோம். கிழங்கு தன் பங்குச் சாற்றைக் குடித்து உப்பாகிறது. மிச்சச் சாறு அதே உப்புதான். உப்பு மிஞ்சிய சாற்றுக்கு வழி ஒன்றே: உப்பில்லாத வெந்நீர் சேர்ப்பது. ருசி கொஞ்சம் குறையும், குடிக்கவாவது முடியும்.

உப்பைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவது நாக்குக்காக மட்டும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது. ஒரு தேநீர்க் கரண்டி. 2023ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்கள் 100 பேரில் 29 பேருக்கு இரத்தக் கொதிப்பு. 100க்கு 15 பேருக்கு மேல் நீரிழிவு. நம் லயங்களில் மாதாந்திர மருந்துப் பொட்டலம் இல்லாத வீடு எது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வெயிலில் வியர்த்து வேலை செய்கிறோம், உப்பு வேண்டாமா என்பீர்கள். வேண்டும், அது கருவாட்டிலும் ஊறுகாயிலும் மீகோரெங்கிலும் வேண்டியதற்கு மேலேயே வந்துவிடுகிறது. மெலிந்தவருக்கென்று வைக்கிற சாற்றில் அதைக் கொட்ட வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் கொதிப்பு இருந்த தாய்மார், சிறுநீரகக் கோளாறுள்ள பெரியவர்கள் விஷயத்தில் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு உப்பைப் போடுங்கள். ஒரு வயதுக்குக் கீழான பிள்ளைக்குச் சாறு ஊட்டுவதானால் உப்புப் போடுவதற்கு முன்னமே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். உப்பைக் கடைசியில் போடுவதில் இந்த வசதியும் இருக்கிறது: ஒரே பானை, மூன்று பேருக்கு மூன்று விதம்.

சாறு வைப்பது சரி, கோழிக்கு எங்கே போவது என்று பின்வரிசையில் ஒரு சகோதரி கேட்பது காதில் விழுகிறது. 2022 ஜூன் மாதம் முதல் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தி வைத்ததும், ஜூலையில் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று விலை வரம்பு கட்டியதும், 2023 நவம்பரில் அந்த வரம்பை எடுத்துவிட்டதும் நினைவிருக்கும். கம்பத்துக் கோழியின் விலை எப்போதும் அதைவிட மேலேதான். அதனால்தான் சொல்கிறோம்: சின்னச் சின்னப் புட்டிகளில் கோழிச் சாரம் விற்கிறார்களே, பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கடன் சொல்லியாவது வாங்குகிறோமே, ஆறு புட்டி வாங்குகிற காசைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை பாசாரைச் சுற்றி வாருங்கள். முழுக் கோழியும் கூடைக் காய்கறியும் வரும். சாறும் கிடைக்கும், சதையும் கிடைக்கும். புட்டியில் சதை இல்லை.

இனி கிராணிமார்களுக்கும் ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பிரசவ லீவு நெடுங்காலம் 60 நாளாக இருந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 98 நாள். அத்தோடு தகப்பனுக்கும் தொடர்ச்சியாக 7 நாள் சம்பளத்தோடு லீவு. சட்டப்படி திருமணம் ஆகியிருக்க வேண்டும். அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகவோ, பிள்ளை பிறந்ததும் கூடிய சீக்கிரமோ தெரிவிக்க வேண்டும். ஐந்து பிரசவம் வரையில் உண்டு. இந்தச் சட்டம் வந்த பிறகும் எங்களிடம் வந்து அந்த 7 நாளைக் கேட்டவர்கள் சொற்பம். “ஆம்பளை வீட்டுல இருந்து என்னங்க செய்யறது?” என்கிறார்கள். செய்ய வேண்டியதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டரை மணி நேரம் அடுப்பருகே உட்கார்ந்து நுரை எடுக்கப் பச்சை உடம்புக்காரியை எழுப்பக் கூடாது. கிராணிமார்களே, கர்ப்பவதிகளின் பெயர் நம்முடைய புத்தகத்துக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது. புருஷனும் அதே தோட்டமென்றால் அவனையும் அழைத்து மனுவில் கையெழுத்து வாங்கி வைத்துவிடுவோம். அவன் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மீந்த சாற்றைப் பற்றி ஒன்று. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மரத்துக்குப் போகிறவர்கள் இரவே வைத்துவிடுவது வழக்கம். வையுங்கள், ஆனால் பானையை மூடி அடுப்பிலேயே விடியும்வரை விடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் அது கெடும். கெட்டது மூக்குக்குத் தெரிய வேண்டுமென்பதும் இல்லை. சின்னப் பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். காலையில் தளதளவென்று கொதிக்கவைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளலாம். சாறு கட்டியாக உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். பசை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக் கதை மிச்சம் இருக்கிறது. அன்று மாலை இரண்டாவது கோழி வெந்து முடிந்ததும் பெரியம்மா ஈரலையும் தொடைச் சதையையும் எலும்பில்லாமல் பிய்த்து, குழைந்த சோற்றில் போட்டு, மேலே சாற்றை ஊற்றி, அந்த மங்கை எங்கள் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார். அவள் முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு, “காலையில வெச்சது ரொம்ப உப்பு” என்றாள்.

மேடைக்குப் பின்னால் மாதர் பகுதியினர் காலையிலிருந்து இரண்டு பெரிய பானை வைத்திருக்கிறார்கள். கைப்பிள்ளைக்காரிகளும் கர்ப்பவதிகளும் முதல் பந்தி, சதையோடு. பிள்ளைகள் இரண்டாவது. தொண்டர்களும் பேச்சாளர்களும் கடைசி. உப்பு இன்னும் போடவில்லை. நாங்கள் போய்ப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.